கடைக்கால் தோண்டுமுன்

வீடு கட்டப் போகிற இளையவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் வந்ததும், "இயற்கைக்குக் கேடு இல்லாத வீடா இருக்கணுங்க" என்கிறார்கள். கேட்கவே மனசு நிறைகிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த கேள்வி பெரும்பாலும், "சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதாக இருக்கிறது. அங்கேதான் அவர்களை நிறுத்தி உட்கார வைக்கிறேன். சோலார் நல்லதுதான். இன்று பணம் இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்துக்கூட அதை மாட்டிக்கொள்ளலாம். மனையையும், வீடு பார்க்கும் திசையையும், அதன் அளவையும் அப்படிப் பிறகு மாற்ற முடியாது. அதனால் எந்த முடிவு முதலில் வருமோ, எதைப் பின்னால் திருத்தவே முடியாதோ, அதிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். கோவையிலும் பொள்ளாச்சிப் பக்கமும் கட்டட வேலையிலேயே காலம் போனவன் நான். ஆகவே என் கணக்கெல்லாம் இந்த ஊர் வெயிலையும் காற்றையும் வைத்துத்தான். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. மனையை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படமும் ஏ பதிவேடும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், குளம் என்று எந்தப் புல எண்ணாவது உங்கள் மனைக்குப் பக்கத்தில் இருந்தால், இன்று அங்கே முள்ளும் குப்பையுமாகக் கிடந்தாலும் அது தண்ணீரின் வழிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆற்றில் இருந்து வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்கு என்று கோர்த்து வைத்த ஊர் கோவை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் அந்தக் கோர்வையில் உள்ளவை. நடுவில் ஒரு வாய்க்காலை மண் கொட்டி மூடினால், தண்ணீர் யாருடைய வீட்டு வாசலிலோ போய் நிற்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறது என்பதும் அங்கே தண்ணீர் நிற்காது என்பதும் வேறு வேறு சங்கதிகள். பக்கத்துத் தெருவில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு பெரியம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நான் எந்தப் படத்தைவிடவும் நம்புவேன்.

2. வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்பதை நிலத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி மனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறீர்கள். போக வர 40 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாள் காரில் போனால் 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிற கார் அதற்கு 800 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக வருடத்துக்கு 1.8 டன்னுக்கும் மேல். அடுத்து வரும் நான்காவது குறிப்பில் சிமெண்டுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண்வீடே கட்டி அந்தச் சிமெண்டை முழுக்க மிச்சம் பிடித்தாலும், எட்டே வருடத்தில் இந்தக் கார் பயணம் அதைத் தின்றுவிடும். பஸ் வருகிற ரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் நாலு சென்ட் சின்ன மனை கிடைத்தால், தூரத்துப் பத்து சென்ட்டைவிட அதையே நான் சொல்வேன்.

3. பழைய வீடு இருந்தால், முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

தாத்தா கட்டின தொட்டிக்கட்டு வீடோ, அப்பா கட்டின ஓட்டு வீடோ இருந்தால் இடிப்பதற்கு முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து சுவரையும் கடைக்காலையும் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் நன்றாக இருந்து கூரை மட்டும் போயிருக்கும் வீடுகள் நிறைய. கைமரம் மாற்றி, ஓடு மாற்றி, உள்ளே குளியலறை சேர்த்து, மின்கம்பிகளைப் புதிதாக இழுத்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அந்தச் சுவரைச் சுட்ட நெருப்பும் சுமந்த உழைப்பும் ஏற்கெனவே செலவானவை. இடித்தால் அத்தனையும் குப்பை லாரியில் போய், பெரும்பாலும் ஒரு குளத்தங்கரையில்தான் கொட்டப்படுகிறது.

இடித்தே ஆக வேண்டும் என்றால், கதவு, நிலை, தூண், ஓடு, கருங்கல் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி வையுங்கள். பழைய தேக்கு நிலையைப் போல ஒன்றை இன்று புது மரத்தில் வாங்க எவ்வளவு ஆகும் என்று தச்சரிடம் கேட்டாலே போதும்.

4. அளவைக் குறையுங்கள்.

மேஸ்திரிகள் வைத்திருக்கும் ஒரு வாய்க்கணக்கு உண்டு. வழக்கமான கான்கிரீட் வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் நாலு கிலோ கம்பியும் ஆகும். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்டும், 4 டன் கம்பியும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது. எரிக்கும் நிலக்கரியில் இருந்து வருவது அதற்கு மேல். ஒரு டன் சிமெண்டுக்கு 600 முதல் 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் 20 டன்னுக்கு 12 முதல் 14 டன். கம்பிக்கு உருக்காலைக் கணக்கு தனி.

இப்போது "விருந்தாளி வந்தால் தங்க" என்று வரைபடத்தில் சேர்த்த அந்த 150 சதுர அடி அறையைப் பாருங்கள். 60 மூட்டை சிமெண்டு, 600 கிலோ கம்பி. வருடத்தில் எத்தனை நாள் அதில் ஆள் படுக்கப் போகிறார்கள்? மற்ற நாளெல்லாம் அதைப் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், அதற்கு வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும். கூடத்தில் ஒரு அகலமான கல் திண்ணை கட்டினால் பகலில் உட்காரலாம், இரவில் இரண்டு பேர் படுக்கலாம். அப்பா அம்மா, ஒரு பிள்ளை, வயதானவர் ஒருவர் உள்ள குடும்பத்துக்கு 900 சதுர அடி தாராளம். நான் சொன்ன எல்லா அறிவுரையிலும் மிக அதிகமாக எதிர்ப்பு வருவது இதற்குத்தான். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். கண்ணு, அவர்கள் கிரகப்பிரவேசத்தன்று ஒருநாள் பேசுவார்கள். தவணை இருபது வருடம் கட்ட வேண்டும்.

5. வெயிலையும் காற்றையும் பார்த்து வீட்டைத் திருப்புங்கள்.

இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. சூரியன் எந்த மாதத்திலும் உச்சிப்பொழுதில் நன்றாக உயர ஏறிவிடும். தெற்கே மிகச் சாய்ந்து போகிற டிசம்பரிலும் நண்பகலில் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகவே தெற்குச் சுவரில் இரண்டடி நீளும் சன்ஷேடு, அந்நேரம் தனக்குக் கீழே ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் தருகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் தலைக்கு மேலிருந்து சற்றே வடக்கே போவதால், வடக்குச் சுவருக்கும் அதே சன்ஷேடு போதும். கிழக்கும் மேற்கும் அப்படி அல்ல. காலை வெயிலும் மாலை வெயிலும் படுக்கை வாட்டில் வரும். எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. காலையில் சுவர் இரவு முழுக்க ஆறி இருக்கும், அதனால் கிழக்கு வெயில் அவ்வளவு வருத்தாது. மேற்குச் சுவரோ மதியம் முதல் அந்தி வரை வெயிலைக் குடித்து, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் அனலை விடும். பலருடைய ஏ.சி. அந்த அனலோடுதான் ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறது.

ஆகவே நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மேற்கில் படுக்கையறையை வைக்காதீர்கள். மாடிப்படி, குளியலறை, பண்டக அறை, துணி அலமாரி ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

இனிதான் கோவைக்காரர்களுக்கான சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, மே முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிறது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். வெயிலும் மேற்கு, காற்றும் மேற்கு. சுவரை முழுக்க அடைத்தால் காற்று போய்விடும், திறந்தால் அனல் வந்துவிடும். இதற்கு நம் முன்னோர் செய்த ஏற்பாடு தாழ்வாரம். மேற்கே ஆறடி அகலத்தில் தாழ்வாரம் இறக்கினால் சுவரில் வெயில் அதிகம் படாது, காற்று நிழலில் ஆறி உள்ளே வரும். இடம் இல்லையென்றால் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் ஒன்றைச் சுவருக்கு இரண்டடி வெளியே எழுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் கம்பி கட்டி அவரையோ கோவைக்கொடியோ ஏற்றிவிடுங்கள். காற்று புகும் ஜன்னலைத் தெற்குச் சுவரின் மேற்கோரத்தில் வைத்து, வெளியேறும் ஜன்னலை வடக்கிலோ கிழக்கிலோ எதிரும் புதிருமாக, புகும் ஜன்னலைவிடச் சிறியதாக இல்லாமல் வையுங்கள். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தால் காற்று ஓடாது. லிண்டலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருந்தால், மேலே ஏறும் சூடான காற்று அதன் வழியாக வெளியேறிவிடும். பழைய வீடுகளில் இருந்த அந்தத் திறப்பை ஏ.சி. வந்ததும் எல்லோரும் அடைத்துவிட்டார்கள்.

சென்னைக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. வெயில் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்பதால் ஒருவகையில் வேலை எளிது. ஆனால் தென்கிழக்கு மூலையில் சமையலறை வைத்தால் அந்தக் கடற்காற்று அடுப்பின் சூட்டையும் தாளிக்கும் புகையையும் வாரி வீட்டுக்குள் கொண்டுவரும். கோவையில் அதே மூலை, காற்று வெளியேறுகிற பக்கம் என்பதால் பொருத்தமாகவே அமைகிறது.

வாஸ்து பார்க்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்க மாட்டேன். வாஸ்து பார்ப்பவரையும் பொறியாளரையும் ஒரே நாளில் மனைக்கு வரவழைத்து, நேருக்கு நேர் பேச வையுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் வரைந்ததை மற்றவர் அழிப்பார், கடைசியில் ஜன்னல்தான் பலியாகும்.

6. இருக்கிற மரத்தைச் சுற்றி வீட்டை வரையுங்கள்.

மனையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஜே.சி.பி. வருவதற்கு முன், நிற்கிற வேம்பையும் புங்கையையும் சுற்றி வேலி கட்டிவிடுங்கள். புதிதாக நடுவதாக இருந்தால் கடைக்கால் தோண்டும் முன்பே மேற்கு எல்லையில் புங்கை நடுங்கள். கோடை தொடங்கும்போது புதுத் தளிர் விட்டு, வெயில் உச்சத்தில் அடர்ந்த நிழல் தரும் மரம் அது. சுவருக்கும் மரத்துக்கும் பதினைந்தடியாவது இடைவெளி இருக்கட்டும். சின்ன மனையில் அது முடியாது. அப்போது கொடிப்பந்தல் போதும்.

7. சுவருக்கு எதை வாங்குகிறீர்கள், எங்கிருந்து வாங்குகிறீர்கள்?

கோவையில் செங்கல் என்றாலே பல காலம் தடாகம் வட்டாரம்தான். அங்கே மலையடிவாரத்தில் செம்மண்ணை அள்ளி அள்ளி நிலமே பள்ளத்தாக்காகிப் போனதையும், யானை நடக்கும் வழியில் குழிகள் விழுந்ததையும் இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். 2021-இல் அந்தச் சூளைகளை மூட உத்தரவாயிற்று. நான் கட்டிய வீடுகளின் சுவர்களிலும் அந்த மண் இருக்கிறது. அந்தக் குழிகளைப் பார்க்கும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது. அதனால் யாராவது செங்கல் நல்லதா, சாம்பல் கல் நல்லதா என்று கேட்டால், முதலில் அந்த மண் எங்கே தோண்டியது என்று விற்பவரிடம் கேட்கச் சொல்கிறேன்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் இருந்து செய்யும் கல் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. சூளை வேண்டாம், மேல்மண் வேண்டாம். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், ஒருநாள் தண்ணீரில் போட்டாலும் ஓரம் உதிரக்கூடாது. சரியாகத் தண்ணீர் விட்டு ஆற வைக்காத கல்லை லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.

செம்மண் மனையாக இருந்தால், சம்ப் தொட்டிக்கும் செப்டிக் தொட்டிக்கும் தோண்டிய மண்ணிலேயே கல் அடிக்கலாம். ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம் இதைப் பல வருடமாகச் செய்தும் கற்பித்தும் வருகிறது. மண்ணோடு 5 சதவீதம் அளவுக்கே சிமெண்டு கலந்து, அச்சில் இறுக்கி, சுடாமல் நிழலில் ஆற வைக்கும் கல். கரிசல் மண் இதற்கு ஆகாது. அது மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். கரிசலில் கடைக்கால் போடுவதற்கே தனிக் கவனம் வேண்டும் என்பதால், எந்த மனையானாலும் மண் பரிசோதனைக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

செங்கல்தான் என்று முடிவானால் எலிப்பொறிக் கட்டு என்ற முறையைக் கேளுங்கள். கல்லைக் குத்தவைத்து, நடுவில் பொந்து விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பும் முறை. செங்கல்லும் கலவையும் கால் பங்கு மிச்சமாகும், நடுவில் நிற்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. இங்கிலாந்தில் பிறந்து 1945-இல் இந்தியாவுக்கு வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து மறைந்த லாரி பேக்கர் இந்த முறையைக் கேரளமெங்கும் பரப்பினார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தம் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை, வீடு கட்டுமுன் ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பூச்சு இல்லாத செங்கல் சுவர் எவ்வளவு அழகு என்று அங்கே தெரியும்.

தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்குப் பில்லர் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். மண் உறுதியாக இருந்தால் சுவரே பாரம் தாங்கும், கம்பி நிறைய மிச்சமாகும். ஆனால் கடைக்கால் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் கட்டாயம் ஓட வேண்டும். 1900 பிப்ரவரியில் கோவையை ஒரு நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது. அந்த பெல்ட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

சிமெண்டில் சாம்பல் கலந்த பி.பி.சி. வகையை வாங்குங்கள். அது மெதுவாக இறுகும், அதனால் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. சாக்கை நனைத்துப் போர்த்தினால் குழாயைத் திறந்துவிடுவதில் பாதித் தண்ணீர்கூட ஆகாது. உள்பூச்சுக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அவருக்குக் கூலி கூடக் கொடுங்கள், இரண்டு இளம் பையன்களைக் கூட வைத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

8. வேலை செய்கிறவர்களுக்கு முதலில் ஒரு கழிப்பறை கட்டுங்கள்.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போக இடம் இல்லை, அதனால். செப்டிக் தொட்டியை முதலில் முடித்து, தகரம் அடைத்த ஒரு கழிப்பறையும், நிழலும், குடிக்க நல்ல தண்ணீரும் கொடுங்கள். பூமியைப் பற்றிக் கவலைப்படும் வீட்டில் இது விட்டுப்போகக்கூடாது.

9. தலைக்கு மேலே.

தளம் போடும்போது ஓட்டு நிரப்புத் தளம் போட முடியுமா என்று பொறியாளரைக் கேளுங்கள். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட் கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிரப் பெரிய வேலை செய்வதில்லை. கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் அந்த இடத்துக் கான்கிரீட் மிச்சம், ஓடுகளுக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். பிரித்த வீட்டின் ஓடுகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதியுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் மாசி மாதத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு மூன்று கை அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வருடா வருடம் அடிக்க வேண்டும். குடும்பமே சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிக்கிற வேலை.

10. மழையைப் பிடித்து வைத்து, பிறகு பூமிக்கு அனுப்புங்கள்.

மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். அந்த வேகத்தில் ஏராளமான வீடுகளில் குழி வெட்டினார்கள். இன்று அவற்றில் பலவற்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் இலையும் சேறும் அடைத்துக் கிடக்கிறது. சட்டத்துக்காகச் செய்ததும் தேவைக்காகச் செய்ததும் ஒன்றாக இராது.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். கோவையில் வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 60,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும் போக 48,000 லிட்டராவது கைக்கு வரும். நான்கு பேர் நாளுக்கு 400 லிட்டர் புழங்கினால் நாலு மாதத் தண்ணீர். எல்லாவற்றையும் சேமிக்க முடியாது. 7 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி ஆழத்தில் ஒரு தொட்டி 9,700 லிட்டர் பிடிக்கும், அதை மழைக்கென்றே தனியாக வையுங்கள். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததிலிருந்து கூழாங்கல், கரி, மணல் போட்ட வடிகட்டி வழியாக உள்ளே விடுங்கள். தொட்டி நிரம்பி வழிவது உறைக்கிணறு போல இறக்கிய குழிக்குப் போகட்டும். ஆயிரம் அடிக்கும் கீழே போர் போடுகிற ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. எடுக்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தான் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஊறும்.

குளித்த தண்ணீருக்கும் துணி துவைத்த தண்ணீருக்கும் தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் சொன்னால் செலவு சொற்பம், பின்னால் சொன்னால் சுவரை உடைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கூழாங்கல் போட்ட பாத்தியில் கல்வாழை நட்டு, அதன் வழியே விட்டு, வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள். கழிப்பறையில் 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள தொட்டி வையுங்கள். குடிநீர் இயந்திரம் ஒரு லிட்டர் சுத்தம் செய்ய இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

11. இப்போது சோலாருக்கு வரலாம்.

அதற்கும் முன்னால் மின்விசிறி. பழைய வகை விசிறி 75 வாட் இழுக்கிறது. பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் போதும். ஐந்து விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டே கால் யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பதால், விசிறியை மாற்றியதிலேயே அரைக் கிலோவாட்டுக்கு மேல் சோலார் போட்ட பலன் வந்துவிடுகிறது. மேலே சொன்ன நிழலும் காற்றும் அமைந்திருந்தால் ஏ.சி. ஒரு அறைக்குப் போதும், அதுவும் சித்திரை, வைகாசியில் மட்டும், 26 டிகிரியில் விசிறியோடு.

பேனலுக்குக் கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தெற்கு பார்த்து, 11 டிகிரி சாய்வில். தென்மேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் மாலை நிழல் கிழக்கிலும் வடகிழக்கிலும் விழும், பேனலை அந்த நிழலுக்கு வெளியே தள்ளி மாட்டச் சொல்லுங்கள். 2024-இல் வந்த ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள். இன்று பணம் இல்லையென்றாலும் மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் பதித்து வைத்துவிடுங்கள்.

12. குடி போகும் நாளும் அதற்குப் பிறகும்.

கிரகப்பிரவேச விருந்தை வாழையிலையிலும் எவர்சில்வர் டம்ளரிலும் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வேண்டாம். புது வீட்டுக்கு எல்லாமே புதிதாக வேண்டும் என்று கட்டிலும் பீரோவும் வாங்கக் கிளம்பாதீர்கள். அம்மா வீட்டுக் கட்டிலை இழைத்துப் பாலிஷ் போட்டால் போதும். சமையலறைக் கழிவுக்கு இரண்டு தொட்டி. ஒன்று நிறையும்போது மற்றொன்று மக்கும். பொள்ளாச்சியில் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி தூவினால் வாடை வராது. துணியை வெயிலில் காயப்போடக் கொடிக்கம்பி கட்டும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

13. வீட்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்.

பூச்சு வேலைக்கு முன், குழாயும் வயரும் சுவரில் ஓடும் இடங்களை ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்து ஒட்டுங்கள். கம்பி, சிமெண்டு, கல் எங்கே வாங்கியது, எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். குடிபோன பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு, மழைத் தொட்டியின் நீர்மட்டம், வாங்கிய தண்ணீர் லாரி. மாசியில் மாடிக்குச் சுண்ணாம்பு, புரட்டாசி முடிவதற்குள் கூரை வாய்க்காலையும் வடிகட்டியையும் கழுவுவது, தையில் பேனல் துடைப்பது என்று வேலைகளையும் மாத வாரியாக எழுதி, யார் பொறுப்பு என்று பேர் போடுங்கள். வடிகட்டியின் கூழாங்கல்லைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், சந்தோஷமாகக் கழுவுவார்கள். ஒரு முழு வருடம் எழுதியதும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். எந்த அறை சித்திரையில் கொதித்தது, எந்த ஜன்னலை ஒருநாளும் திறக்கவில்லை என்று உட்கார்ந்து பார்ப்போம். அடுத்து கட்டப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.